அணுக்கம் மறுக்கப்பட்டது

மாமனாரின் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டவன் நான்தான். அவர் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் சர்வர்களை மேய்க்கிற எனக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. அடுத்த சனிக்கிழமையே பென் டிரைவோடு லிங்கராஜபுரத்தில் இருக்கும் அவர் வீட்டில் போய் இறங்கினேன். பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டதோடு நிற்காமல், திரையில் வரும் மெனு, எச்சரிக்கை எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றினேன். வேலூர்க்காரன் பெங்களூரில் பெண் எடுத்தால் அங்கே தமிழைக் காப்பாற்றும் பொறுப்பும் சேர்ந்து வருகிறது என்று அப்போது ஒரு நினைப்பு.

மாமனார் குறை சொல்கிறவர் அல்ல. "நல்லா இருக்கு மாப்ளே" என்றார். ஃபைல் என்பது கோப்பு ஆகிவிட்டதால் எதை அழுத்துவது என்று தெரியாமல் மகளுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

மாமியார் இறந்து ஓராண்டு நிறைந்தபோது, ஞாயிறு ஆராதனையின் முடிவில் அவரைப் பற்றிக் கொஞ்சம் பேசும்படி பாஸ்டர் மாமனாரிடம் கேட்டிருந்தார். மேடையேறிப் பழக்கமில்லாத மனிதர். எழுதி வாசித்துவிடுவதென்று முடிவு செய்து, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்திருந்தார். சனிக்கிழமை மாலை நானும் மனைவியும் போனபோது திரையில் ஒரு தலைப்பும் இரண்டு வரியும் இருந்தன.

அவர் பால் வாங்கக் கீழே போனார். அந்த இடைவெளியில் என் கை சும்மா இருக்கவில்லை. பழைய பேக்கப்பில் கிடந்த மாமியாரின் போட்டோக்களை அவர் எழுதிக்கொண்டிருந்த ஃபோல்டருக்கே கொண்டுவந்து வைத்தால் மகிழ்வாரே என்று தோன்றியது. சிஸ்டம் முரண்டு பிடித்தது. கட்டளைக்கு முன்னால் சூடோ என்று சேர்த்தேன். 'நான் யார் தெரியுமா?' என்று சிஸ்டத்தை மிரட்டுகிற சொல் அது. உடனே வழிவிட்டது. போட்டோக்கள் வந்து சேர்ந்தன. மாமனார் உண்மையிலேயே மகிழ்ந்தார். நானும் நிறைவாக வீடு திரும்பினேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"மாப்ளே, நான் ஒண்ணுமே தொடல. எழுதி முடிச்சிட்டேன். சேவ் ஆவ மாட்டேங்குது. இன்னாவோ சொல்லுது."

நானும் மனைவியும் பைக்கில் பறந்தோம். மாமனார் வெள்ளைச் சட்டை போட்டு, திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய எழுத்தில் அது நின்றது: 'கோப்பைச் சேமிக்க இயலவில்லை. அணுக்கம் மறுக்கப்பட்டது.'

"அணுக்கம்னா இன்னா மாப்ளே?"

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அந்தச் செய்தியை ஆங்கிலத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். தமிழைக் காப்பாற்ற வந்தவன் அதை ஒப்புக்கொள்ள முடியுமா? அணுக்கம் என்றால் நெருக்கம். நெருக்கம் என்றால் நெருக்கடி.

"டிஸ்க்ல இடம் நெருக்கடியா இருக்குன்னு சொல்லுது மாமா."

இடம் உண்டாக்கத் தொடங்கினேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். தேவையில்லாதது என்று எனக்குப் பட்டதையெல்லாம் அழித்தேன்.

"அது என் கன்னடப் பாட்டுங்க ஆச்சே" என்றார் மாமனார், மெதுவாக.

"திரும்பப் போட்டுக்கலாம் மாமா."

சேமித்துப் பார்த்தேன். அணுக்கம் மறுக்கப்பட்டது. பிறகுதான் டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது. உடனே டிஸ்க்கே பழுதாகியிருக்கலாம் என்று கவலையான முகத்தோடு அறிவித்தேன். மாமனாரின் முகம் வாடியது. யோசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவர் எழுதியதை மேலும் கீழும் உருட்டினேன். நடுவில் ஒரு வரி கண்ணில் பட்டது.

'மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் எதையாவது சரி செய்ய வந்தால் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள் என்று என்னிடம் சொல்வாள்.'

காது சூடேறியது. இன்னும் ஒரு மணி நேரத்தில் இது சபை முழுக்கக் கேட்கப் போகிறது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். பள்ளியில் கன்னடம் படித்தவள். சபைப் பாட்டுப் புத்தகத்தை வைத்துத் தமிழ் எழுத்துக்கூட்டக் கற்றவள். விரலை வைத்து வாசித்தாள்.

"ம-று-க்-க-ப்-பட்டது. அப்படின்னா வேணாம்னு யாரோ சொல்றாங்கதானே? இடம் இல்லன்னா இடம் இல்லன்னு சொல்லியிருக்கும். யாரு வேணாங்கறது?"

அந்த ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பார்க்க ஒரு கட்டளை அடித்தேன். மாமனாரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ரூட் என்று இருந்தது. அணுக்கம் என்பது ஆக்ஸஸ், அதாவது உள்ளே போக அனுமதி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ரூட்னா யாரு?"

"எல்லாத்துக்கும் மேல உள்ள பயனர்."

"அது யாரு?"

"நான்தான்" என்றேன். "நேத்து போட்டோ கொண்டுவந்தப்போ எல்லாம் என் பேருக்கு மாறியிருக்கு."

"டாடி எழுதினதை டாடியே சேவ் பண்ணக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லிட்டிருக்கீங்களா?"

மாமனார் சிரித்துவிட்டார். நான் உரிமையை அவர் பெயருக்கு மாற்றினேன். ஒரே வரிதான். அதன்பின் சேமி என்பதை அழுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். அதற்கு முன்பே, எழுதியதையெல்லாம் தேர்ந்தெடுத்து வேறொரு இடத்தில் ஒட்டி வைத்திருக்கலாம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித் தருவது அதைத்தான். நானோ, ஒரு தடவை மூடித் திறந்தால் நல்லது என்று நினைத்தேன். மூடினேன். மாற்றங்களைச் சேமிக்கவா என்று அது கேட்டது. அலுவலகத்தில் நான் எதையும் வெறுமனே பார்ப்பதற்காகத்தான் திறப்பேன். இந்தக் கேள்வி வந்தால் கை தானாகவே இடது கோடிக்குப் போகும். போனது. 'நிராகரி' என்று அங்கே நல்ல தமிழில் எழுதியிருந்ததை அழுத்திய பிறகுதான் வாசித்தேன்.

மறுபடி திறந்தேன். ஒரு தலைப்பு, இரண்டு வரி.

பதற்றத்தின் அடியில், என்னைப் பற்றிய வரியும் போய்விட்டது என்று ஒரு சிறு நிம்மதி எனக்குள் தலைகாட்டியது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

"பரவால்ல மாப்ளே. டைம் ஆச்சு, போலாம்" என்று மாமனார் எழுந்து செருப்பைத் தேடினார்.

சபையில் அவர் வெறுங்கையோடு முன்னால் போய் நின்றார். மைக்கை யாரோ தாழ்த்திக் கொடுத்தார்கள். தாளைத் தேடுவதுபோல் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மனைவி என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள், அன்பினால் அல்ல. பிறகு அவர், மாமியார் ஐம்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம், தெரு காலியாக இருக்கும்போது, இவர் பின்னால் ஓடுவாராம்.

"ஒரு நாள் பின்னாடி ஏறிக்கோன்னா. எனக்குப் பயம். ஏறிட்டேன். மார்க்கெட் வரிக்கும் கண்ணை மூடிட்டே போனேன். இறங்கினதும், 'நல்லா ஓட்டினேனா'ன்னு கேட்டா. 'நல்லா ஓட்டினே'ன்னு சொன்னேன். கண்ணை மூடிட்டு இருந்தேன்னு கடைசி வரிக்கும் சொல்லல."

சபை சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. போதும் என்பதுபோல் கையை உயர்த்திவிட்டு இறங்கி வந்தார். நான் அன்று திரையில் உருட்டிய எந்தப் பக்கத்திலும் இது இல்லை. மகளுக்கே தெரியாத கதை. வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டு வந்தாள், நடுநடுவே சிரித்துக்கொண்டும்.

அந்த வாரம் மாமனார் ஸ்கூட்டர் கதையைத் தட்ட ஆரம்பித்தார். இப்போது பல பக்கங்கள் ஆகிவிட்டன. மெனுவை ஆங்கிலத்துக்கே மாற்றித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம், பழகிவிட்டதாம். அணுக்கம் என்ற சொல் அவருக்குப் பிடித்தும் போய்விட்டது. நான் அந்த அறைக்குள் நுழைந்தால், சேமித்துவிட்டு, கீபோர்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் என்னோடு பேசுகிறார்.