எழுத்தும் தாலியும்

படிவம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணையின் வீட்டிலிருந்து வெளியே வந்து, நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதித் தெருக்களில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை. அவர் கேட்ட கேள்வி காதிலேயே கிடந்தது.

“எப்ப கலியாணம் முடிஞ்சது?”

“இன்னும் இல்லை அண்ணை. எழுத்து மட்டும்தான்.”

யாழ்ப்பாணத்தில் நானும் எனக்கு நிச்சயித்த பெண்ணும் பதிவாளர் முன் கையெழுத்து வைத்தோம். அடுத்த கிழமையே அவளின் தகப்பனார் காலமானார். ஆண்டுத் திவசம் முடியாமல் தாலி கட்டக்கூடாது என்றார்கள். தாலி கட்டாமல் அவளை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் பண்ண முடியாது என்று நானே முடிவெடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். இங்கே வேலை பார்த்த உணவகம் மூடப்பட்டது. அவசரம் என்ன என்று அரசாங்க உதவிப்பணம் எடுத்துக்கொண்டு படுத்திருந்தேன். திவசத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போதுதான் என்ன பத்திரங்கள் வேண்டும் என்று அண்ணையிடம் கேட்கப் போனேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“மடையா, இஞ்ச எழுத்துதான் கலியாணம். நீ ஒரு வருசமாக் குடும்பஸ்தன். தாலியைப் பேந்து கட்டு. ஆனா வெல்ஃபெயர் எடுக்கிறவன் மனுசியைக் கூப்பிட ஏலாது. முதல்ல வேலைக்குப் போ.”

நடந்தபடியே அவளை அழைத்தேன். அங்கே அதிகாலை.

“நான் உம்மட புருசனாம்” என்றேன்.

“உங்களுக்கு இண்டைக்குத்தானோ தெரியும்?” என்று சிரித்தாள். “அப்ப ஒரு வருசமா என்ன செய்தனீங்கள்?”

“படுத்திருந்தனான்.”

“இனி எழும்புங்கோ.”

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லொறிக்குள் ஒளிந்து எல்லை தாண்டியிருக்கிறேன். மூன்று நாடுகளில் கோப்பை கழுவியிருக்கிறேன். எந்த வேலையிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. அவள் வந்த பின் மூன்று வருடம் பராமரிப்பேன் என்று கையெழுத்து வைக்கவேண்டுமாம். யோசித்துப் பார்த்தேன், பாரமாகத் தெரியவில்லை. வீடு வரை நடந்தே போனேன்.

மறுநாள் காலை மெட்ரோ ஏறி லவாலுக்குப் போனேன். முன்பு மூன்றே கிழமையில் சொல்லாமல் விட்டுவிட்டு வந்த பாண் சுடும் தொழிற்சாலை அங்கே இருந்தது. மேற்பார்வையாளர் என்னை மறக்கவில்லை. “இந்த முறை எத்தனை நாள்?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“மனைவி வரும்வரை. வந்த பிறகும்” என்றேன்.

நம்பினாரோ என்னவோ, கையுறைகளைத் தந்தார். சூடு ஆறாத பாண் தட்டுகளை வண்டியில் அடுக்கத் தொடங்கினேன்.