எண்பத்து நான்கு கிலோ கேப்டன்

தாராகான் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் ஒரு வதந்தி உலவிக்கொண்டிருந்தது. சாயாப் ஹூலு என்ற சரக்கு விமானக் கம்பெனிக்கு விமானி வேலை கேட்டுப் போனால் சான்றிதழைப் பார்க்கமாட்டார்களாம், தராசில் ஏற்றிப் பார்ப்பார்களாம். உடம்பு எவ்வளவு குறைவோ சம்பளம் அவ்வளவு கூடுதலாம். போன வருஷம் ஒரு விமானி சம்பள உயர்வுக்காக நான்கு பற்களைப் பிடுங்கிக்கொண்டாராம்.

சொன்னவர் ஒரு டாக்சிக்காரர். விமானிகளைப் பற்றி டாக்சிக்காரர்கள் சொல்வதில் பாதியை நம்பலாம். எந்தப் பாதி என்பதுதான் தெரியாது. ஆகவே விசாரிக்க வேண்டியிருந்தது. விசாரிக்கும் அவசரம் அந்தக் கடையில் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. நோல்டி ரூமெங்கான். வயது ஐம்பத்தொன்று, எடை எண்பத்து நான்கு. அதே கம்பெனியில் அன்று பத்து மணிக்கு அவருக்கு நேர்காணல். வதந்தி காதில் விழுந்தபோது மிளகாய்ச் சம்பலில் தோய்த்த மூன்றாவது வாழைப்பழ வறுவல் அவர் கையில் இருந்தது. அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். கொஞ்சம் யோசித்தார். ஒரு வாழைப்பழத்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று எடுத்துச் சாப்பிட்டுவிட்டார்.

நோல்டி மனாடோ பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்தில் ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் சாப்பிட வைப்பது. வேண்டாம் என்றால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அப்படி வளர்ந்தவர் இருபத்திரண்டு வருஷம் பயணிகள் விமானம் ஓட்டினார். ஒரு நாள் கம்பெனி மூழ்கியது. விமானத்தை வாடகைக்கு விட்டவர்கள் வந்து, அவர் இறங்கிய சூடு ஆறுவதற்குள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் எட்டு மாதம் மனாடோவில் டாக்சி. சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "தாமதத்துக்கு வருந்துகிறோம், இன்னும் சற்று நேரத்தில் புறப்படுவோம்" என்று கனத்த குரலில் சொல்வார். செல்போனில் ஐந்து நட்சத்திரம் விழும்.

நட்சத்திரத்தை வைத்து என்ன செய்வது? வருஷக் கடைசியில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது கையில் விமானி வேலை இல்லாவிட்டால் அது காலாவதியாகிவிடும். பிறகு பரீட்சை, பயிற்சி எல்லாம் முதலிலிருந்து. அதற்கு ஆகும் பணத்தில் ஒரு வீட்டையே கட்டிவிடலாம். பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் எல்லாம் 'நாற்பத்தைந்துக்கு உட்பட்டவர்' என்று போட்டிருந்தது. போடாதது ஒன்றே ஒன்றுதான். அதில் இப்படி இருந்தது: 'விமானி தேவை. தங்குமிடம் இலவசம். உடற்பயிற்சி வசதி உண்டு. மாதம் பன்னிரண்டு நாள் விடுப்பு.' இது கிடைக்காவிட்டால் சாகும்வரை டாக்சிதான்.

நேர்காணல் ஒரு சர்க்கரைக் கிடங்கில் நடந்தது. முதலாளி ஆஹெங்கை ஊரே 'கோ', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும், அவருடைய சொந்த அண்ணன் உட்பட. மொத்த வியாபாரி. லாரி போகாத லோங் பாவான் என்ற மலை ஊருக்குச் சரக்கு அனுப்ப ஒரு ஒற்றை எஞ்சின் விமானம் வாங்கினார். விமானக் கம்பெனி அதோடு சேர்ந்து வந்துவிட்டது. பக்கத்தில் சரக்கு ஏற்றும் பொறுப்பாளர் டேங் சிருவா, பூகிஸ் இனத்துக்காரர், காதில் பென்சிலோடு நின்றிருந்தார். இருவருக்கும் நடுவில் மூட்டைத் தராசு.

"ஏறுங்க கேப்டன்."

"என் சான்றிதழ் ஃபைலு, கோ..."

"அதையும் கையில வெச்சுக்கிட்டே ஏறுங்க. அது எவ்வளவு இருக்குன்னும் தெரிஞ்சுடும்ல."

சிருவா குனிந்து முள்ளைப் பார்த்தார். "ஃபைலோட எண்பத்தஞ்சு. ஆளு மட்டும் எண்பத்து நாலு."

"போன பையன்?"

"அறுபத்திரண்டு."

கோ நோல்டியைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "அரை மூட்டை சர்க்கரை," என்றார் துயரத்தோடு.

அந்த விமானம் எரிபொருள் போக ஆயிரத்து நூறு கிலோ தூக்கும். ஓட்டுபவரும் அந்தக் கணக்கில்தான் வருவார். அவர் ஒரு கிலோ கூடினால் மலைக்கு ஒரு கிலோ சர்க்கரை குறையும். கோவின் பார்வையில் விமானி என்பவர், ஏற்றிக்கொண்டு போய் விற்கவும் முடியாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவர வேண்டிய சரக்கு.

ஆக, தராசு உண்மை. சம்பளமும் பாதி உண்மை: மாதம் பதினெட்டு மில்லியன் ரூபியா, எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் 'கிலோப்படி' என்று ஒன்று. எழுபத்தைந்துக்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு லட்சம் கூட. மேலே போனால் அதே கணக்கில் வெட்டு. பல் விஷயத்தை நோல்டி சிருவாவிடம் தனியாக விசாரித்தார்.

"ஒரு பல்லுதான் கேப்டன். அதுவும் சொத்தைப் பல்லு. தராசு முள்ளு அசையவே இல்ல, பாவம்."

இவ்வளவு இருந்தும் வேலை கிடைத்தது. பழைய விமானி போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது, சர்க்கரையில் எறும்பு மொய்க்க ஆரம்பித்திருந்தது.

"மூணு மாசம் பாக்கறேன்," என்றார் கோ. "கடைசி நாள் தராசுல எழுபத்தஞ்சு காட்டணும். இல்லன்னா வண்டிய எடுக்கலாம். உங்க டாக்சி வண்டிய."

விளம்பரத்தின் மற்ற வாக்கியங்கள் ஒவ்வொன்றாகப் புரிந்தன. இலவசத் தங்குமிடம் கிடங்கின் மாடி. கீழே சர்க்கரை, மேலே விமானி. இரண்டுக்கும் நடுவே எறும்புகள் பாகுபாடு பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் விடுப்பு என்பது மலையில் மேகம் மூடும் நாட்கள். மேகத்தின் சம்மதத்தோடுதான் விடுப்பு, மேகம் விலகினால் விடுப்பு ரத்து. உடற்பயிற்சி வசதியை லோங் பாவானில் இறங்கிய முதல் நாளே காட்டினார்கள். மூட்டை இறக்க அங்கே ஆள் இல்லை. விமானியே இறக்க வேண்டும்.

மூட்டைகளை எதிர்பார்த்து ஓடுபாதை ஓரத்தில் நின்றவர் இபு டினா, அதாவது டினா அம்மா. லோங் பாவானில் பெரிய மளிகைக் கடை அவருடையது. விமானத்தில் கடைசியாக மிஞ்சும் இடம் அவர் பங்கு. அதனால் யார் ஓட்டுகிறார்கள் என்பது அவருக்கு அடுப்பங்கரை விஷயம். அவர் நோல்டியின் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார்.

"நீங்கதானா அந்தக் கூடுதல் இருபத்திரண்டு கிலோ?"

"வணக்கம் இபு. என் பேரு நோல்டி."

"பேரு இருக்கட்டும். நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"வறுத்த மீனு, கொஞ்சம் சோறு..."

"கொஞ்சம்!" என்றார் டினா, சுற்றி நின்றவர்களிடம். "என் சர்க்கரைய தின்னுட்டு கொஞ்சமாம்!"

பழைய பையனுக்கு அந்த ஊரில் ராஜ உபசாரம் நடந்ததாகக் கேள்வி. இலையில் பொதிந்த குழைந்த சோறு, எருமைக் கறி, மலையடிவாரத்து மூங்கில் குருத்து. நோல்டிக்கு ஒரு குவளை வெந்நீர் கொடுத்தார்கள். அவர் கேட்டதால் இரண்டாவது குவளையும் கொடுத்தார்கள். டினா அதையும் எட்டிப் பார்த்து, "தண்ணிக்கும் எடை உண்டு" என்றார்.

மனைவி மெய்ஸ்கே வாரம் தவறாமல் யார் கையிலாவது புகையில் வாட்டிய மீன் சம்பல் கொடுத்தனுப்பினார். அந்த வீட்டில் கணவர் மனைவியை 'மாமி' என்பார், மனைவி கணவரை 'பாப்பி' என்பார், அம்மா, அப்பா என்ற அர்த்தத்தில்.

"பாப்பி, சம்பல் வந்துச்சா? நல்லா சோறு போட்டு சாப்பிடணும்," என்றார் செல்போனில்.

"மாமி, சாப்பிட்டா வேலை போயிடும்."

"எந்த ஊருல சாப்பிட்டா வேலை போகும்? சாப்பிடத்தானே வேலைக்கே போறது?"

நோல்டி செல்போனை வைத்தார். சம்பலை முகர்ந்து பார்த்துவிட்டு சிருவாவிடம் கொடுத்தார். சிருவாவுக்கு அந்த மூன்று மாதத்தில் நான்கு கிலோ கூடியது. அவரை யாரும் நிறுக்கவில்லை.

நோல்டி தலையை மொட்டை அடித்துக்கொண்டார். பூட்ஸைக் கழற்றிவிட்டு மெல்லிய கான்வாஸ் செருப்புக்கு மாறினார். தராசில் ஏறுமுன் மூச்சை வெளியே விட்டார். சிருவா பொறுமையாகக் காத்திருப்பார்.

"கேப்டன், அந்தக் கண்ணாடிய கழட்டலாமே?"

"கழட்டினா ஓடுபாதை தெரியாது டேங்."

"அப்ப இருக்கட்டும். அது கம்பெனிக்கு வேணும்."

எண்பது வரை விறுவிறுவென்று இறங்கியது. எழுபத்தெட்டில் நின்றுவிட்டது. கடைசி மூன்று கிலோ அவருடைய சொந்தச் சொத்து போல அசைய மறுத்தது. மூட்டை தூக்கித் தூக்கிக் கொழுப்பு போன இடத்தில் தசை ஏறியிருக்கிறது என்றார் அரசு மருத்துவர். அதற்கு எடை இல்லையா என்று கேட்டார் நோல்டி. கொழுப்பைவிட அதிகம் என்றார் மருத்துவர்.

கடைசி நாள் வந்தது. கோ ஒரு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜாவாவில் விமானப் பள்ளி முடித்த ஒருவர். வயது இருபத்து மூன்று, எடை ஐம்பத்தெட்டு. பெரிய விமானத்துக்குப் போக ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் பறந்த கணக்கு வேண்டும். அதைச் சேர்க்க அரைச் சம்பளத்துக்கும் வரத் தயார் என்று அவரே எழுதியிருந்தார். ஒட்டியிருந்த புகைப்படத்தில்கூடக் கன்னம் ஒட்டியிருந்தது. கோ அந்தப் படத்தைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வாராந்திர பயணிகள் விமானத்தில் முந்தின நாள் இறங்கியிருந்த டினா, அதே கிடங்கில் சர்க்கரை விலைக்குப் பேரம் பேச வந்திருந்தார்.

நோல்டி ஏறினார். மூச்சை விட்டார். இன்னும் கொஞ்சம் விட்டார்.

"எழுபத்தெட்டு," என்றார் சிருவா. அவர் குரலில் முதல்முறையாக வருத்தம் இருந்தது, சம்பல் நின்றுவிடுமே.

"மூணு கிலோ கூட," என்றார் கோ. "நல்ல மனுஷன்தான் கேப்டன் நீங்க. ஆனா சொன்னது சொன்னதுதான்."

நோல்டி தராசிலிருந்து இறங்கவில்லை. இறங்கினால் முடிந்துவிடும் என்று தோன்றியது. வருஷம் முடிய இன்னும் மூன்று வாரம். அதற்குள் ஐம்பத்தொரு வயது ஆளை வேறு யாரும் ஏற்றிக்கொள்ளப் போவதில்லை.

"கோ," என்றார் டினா, ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்தபடியே. "மூணு வருஷத்துல எத்தனை விமானிங்க?"

கோ கூரையைப் பார்த்தார்.

"ஏழு பேரு," என்றார் சிருவா.

"ஏழு! மணிக்கணக்கு சேந்ததும் ஏழு பேரும் பெரிய பிளேனுக்கு ஓடிட்டானுங்க. ஒவ்வொருத்தன் ஓடும்போதும் மூணு வாரம் எங்க ஊருக்கு சர்க்கரை இல்ல. போன தடவை டீயில உப்பு போட்டுக் குடிச்சோம். எங்க மலையில உப்பு ஊத்து இருக்கு, அது மட்டும்தான் நிறைய."

"அதுக்கு?"

"இந்த ஆளு ஓட மாட்டாரு. எவன் எடுப்பான் இவரை? வயசப் பாருங்க. வயித்தப் பாருங்க. ஏணியில ஏறும்போது முட்டி ரெண்டும் கதவு மாதிரி கிறீச்சுங்குது."

நோல்டி தொண்டையைச் செருமினார். "இபு, நீங்க எனக்கு சாதகமாத்தானே பேசறீங்க?"

"நடுவுல பேசாதீங்க. கெடுத்துடுவீங்க."

கோ மனதுக்குள் கணக்குப் போட்டார். மூன்று வாரம் நிற்கும் விமானம் ஒரு பக்கம், மூன்று கிலோ மறுபக்கம். விண்ணப்பப் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். இப்போது அந்த முகத்தில் ஓடிப்போகும் களை தெரிந்தது.

"அந்த மூணு கிலோ யாரு தலையில?"

"என் பங்குல கழிச்சுக்கங்க," என்றார் டினா. "ஒவ்வொரு நடைக்கும் மூணு கிலோ கம்மியா ஏத்துங்க."

தன் எதிரே நின்று ஒருவர் தானாக ஒன்றை விட்டுக்கொடுத்து கோ பார்த்ததில்லை. மனம் மாறுவதற்குள் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டிவிட்டார். கிலோப்படியில் மூன்று லட்சம் வெட்டு மட்டும் அப்படியே நின்றது. "அது கம்பெனி விதி, இது அவங்க பிரியம்," என்று விளக்கம் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் இவ்வளவு கேவலமாகப் பேசி யாரும் தன்னைச் சிபாரிசு செய்ததில்லை என்று நினைத்துக்கொண்டே நோல்டி கையெழுத்துப் போட்டார். 

அடுத்த நடை லோங் பாவானில் இறங்கியபோது வெந்நீர் இல்லை. கடை வாசலில் இலைச்சோறும் எருமைக் கறியும் இருந்தன.

"உக்காருங்க கேப்டன். இனிமே நீங்க எங்க ஊரு ஆளு."

"எடை, இபு?"

"அது இருக்கு. நான் குடுத்தது கடன்தான், காணிக்கை இல்ல. மூணு கிலோவும் திரும்பி வரணும்."

"சர்க்கரையா வாங்கிக் குடுத்துடட்டுமா?"

"சர்க்கரை வாங்க எனக்குத் தெரியாதா? எனக்கு வேண்டியது இடம். பிளேன்ல மூணு கிலோ இடம். உங்க வயித்துலேர்ந்து."

ஈஸ்டருக்குள் தந்துவிடுவதாக நோல்டி வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையாலேயே முதல் பொதியைப் பிரித்தார். இரண்டாவது பொதியை டினாவே அவர் பக்கம் தள்ளினார். மனாடோக்காரரால் மறுக்க முடியுமா?

ஈஸ்டர் போய்விட்டது. போன வாரம் தராசில் எழுபத்தொன்பதரை. கடன் நாலரை ஆகிவிட்டது என்கிறார் டினா. இல்லை, மூன்றுதான், மேற்கொண்டு ஏறிய ஒன்றரையும் இபு போட்ட சோறு, அதற்கு அவரே பொறுப்பு என்கிறார் நோல்டி. இரண்டு பேரும் இதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பேசுகிறார்கள்.