இரண்டாவது ஸ்க்ரூ

பிளக் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இன்றைக்கும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் கை தானாகப் பையைத் தடவுகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். குருசுக்குப்பத்து வீட்டிலிருந்து சேதராப்பட்டுக்கு பஸ்ஸில் போய், வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்த்தேன். அங்கே கம்பிக் கூண்டுக்குள் ஒரு வெல்டிங் ரோபோ நின்றது. கூண்டுக் கதவில் ஒரு பிளக் இருக்கும். அதை உருவினால் ரோபோ நின்றுவிடும், திரும்பச் செருகினால்தான் ஓடும். உள்ளே போகிறவர் அதை உருவித் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் கதவைவிட அந்தப் பிளக்கை நான் நம்பினேன்.

அப்போது ஓர் அலாரம் எங்கள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. ரோபோவின் கை இடப்பக்கம் முழுக்கத் திரும்பும்போது, கேபிளில் சிக்னல் இல்லை என்று கன்ட்ரோல் பெட்டியின் திரையில் சிவப்பாக வரும். கை அந்தரத்தில் நின்றுவிடும். ரீசெட் செய்தால் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். போர்டை மாற்றினோம், கேபிளையே மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. சத்தம் கேட்டதும் சூப்பர்வைசர் மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஏம்மா, இன்னும் போகலையா?" என்பார். என் வீட்டுக்கு வந்த விருந்தாளியை விசாரிப்பது போல இருக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கு டீ நேரத்தில் லைன் நின்றிருந்தது. பிளக்கை உருவிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய், ரோபோவின் அடிப்பாகத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெல்டிங் வெளிச்சத்தை மறைக்கும் திரைச்சீலையால் வெளியே இருப்பவர்களுக்கு நான் தெரியமாட்டேன். மூடியைக் கழற்றியதுமே விஷயம் புரிந்துவிட்டது. கேபிள் கனெக்டரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவும் லூஸ். கை திரும்பிக் கேபிள் இழுபட்டால் தொடர்பு விட்டுப்போகிறது. இதற்குத்தானா இத்தனை பாடு என்று சிரிப்பு வந்தது. முதல் ஸ்க்ரூவை முடுக்கினேன். இரண்டாவதில் ஸ்க்ரூடிரைவரை வைத்தேன்.

தலைக்கு மேல் கடக் என்று ஒரு சத்தம். மோட்டார்களின் பிரேக் விடும் சத்தம் அது. கை அசைந்தது. நான் கத்தவில்லை. பையைத் தடவினேன், பிளக் இருந்தது. பிளக் இங்கே இருக்கும்போது இது எப்படி ஓடும்? அம்மா நினைப்பு வரவில்லை, சாமி நினைப்பு வரவில்லை. அந்த ஒரு கேள்விதான் மண்டைக்குள் ஓடியது. பின்னால் கம்பி வேலி, நகர இடமில்லை. கை இடப்பக்கமாக என்னை நோக்கிச் சுழன்று வந்தது.

அலாரம் அடித்தது. கை நின்றது. வெல்டிங் முனை என் பொட்டுக்கு நேர் எதிரே நின்றது. நான் தலையாட்டியிருந்தால் பட்டிருக்கும்.

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, ரோபோவை ஓட்டும் ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். பக்கத்து ஊர் விவசாயி, அறுப்புக் காலத்தில் லீவு போடுகிறவர், நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா... நீங்க உள்ளயா இருந்தீங்க?"

கதவில் இன்னொரு பிளக் செருகியிருந்தது.

"மெயின்டனன்ஸ்காரங்க பாக்கெட்லயே போட்டுக்கினு கேன்டீனுக்குப் போயிடுறீங்க. லைன் நிக்குதுன்னு என்னத்தான் திட்டுறாங்க. அதான் ஸ்டோர்ல ஒண்ணு கேட்டு வாங்கி வெச்சிருந்தேன். நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்கன்னு நெனச்சிட்டேன் அக்கா."

வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வைத்திருப்பது போல வைத்திருக்கிறார். நான் கோபக்காரி. வேறு நாளாக இருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவர் கதவைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏம்மா, இன்னும் போகலையா?"

அப்போதுதான் கன்ட்ரோல் பெட்டியின் திரையைப் பார்த்தேன். அதே சிவப்பு எழுத்து, அதே கேபிள் அலாரம்.

"போகல சார்" என்றேன். இரண்டாவது ஸ்க்ரூ இன்னும் லூஸாகத்தான் இருந்தது.

ஸ்க்ரூடிரைவரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். அந்த இரண்டாவது ஸ்க்ரூவை முடுக்க எனக்கு மனம் வரவில்லை.