புளியங்கொட்டை ஒற்றன்

அந்த மழைக்காலத்தில் என் வேலை ஒரு ஒற்றனை உருவாக்குவது. புனேயில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் கணினியில் ஆடும் போர் விளையாட்டுகளைச் செய்கிறது. ஒருவர் தன் படையை நகர்த்தி முடித்த பிறகுதான் மற்றவர் நகர்த்த வேண்டும். சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரைப்படை, வில்லாளிகள், பீரங்கி எல்லாம் ஏற்கெனவே இருந்தன. எதிரி எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான் என்று முன்னால் போய்ப் பார்த்துச் சொல்ல ஒரு புதிய ஆள் வேண்டும் என்றார்கள்.

கணினியில் ஏற்றும் முன் எதையும் காகிதத்தில் ஆடிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பெரிய அட்டையில் அறுகோணக் கட்டங்கள் வரைந்து, யாரும் இன்னும் பார்க்காத இடங்களைக் காகிதத் துண்டுகளால் மூடிவைப்போம். அதற்குப் பனி என்று பெயர். சட்டைப் பொத்தான்கள் குதிரைப்படை. ஒற்றனுக்கு நான் சாங்வியில் இருக்கும் என் வீட்டுச் சமையலறையிலிருந்து புளியங்கொட்டை கொண்டுவந்தேன். அது போகிற பக்கமெல்லாம் பனியை எடுத்துவிடுவோம். ஆடிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் அதைக் கூசாமல் சாகக் கொடுத்தார்கள். நேராக எதிரியின் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது, பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொள்வது, அவன் வெட்டுப்பட்டதும் அடுத்த கொட்டையை அனுப்புவது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒற்றன் என்ன கறிவேப்பிலையா?

ஒற்றனை நடக்கவும் பதுங்கவும் வைக்க வேண்டியவள் பக்கத்து மேசையில் இருந்தாள். படங்களுக்கு அசைவு கொடுப்பது அவள் வேலை. திருநெல்வேலிப் பெண், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவள். நான் கோயம்புத்தூர். அந்தத் தளத்தில் தமிழ் பேச நாங்கள் இரண்டே பேர் என்று நினைத்திருந்தோம். வெளியூர்த் தமிழர்களுக்கு ஒரு தனித் துணிச்சல் உண்டு. லிஃப்டிலும் கடையிலும் ஆளை எதிரே வைத்துக்கொண்டே அவர் மூக்கைப் பற்றிப் பேசுவோம். தமிழில் பேசினால் யாருக்குத் தெரியும்? பெயரைச் சொன்னால் மட்டும் மாட்டிக்கொள்வோம் என்பதால் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். மேனேஜருக்குப் ‘பெரியவர்’. எங்கள் குழுத்தலைவி, ஐம்பதை நெருங்கும் மராத்தி அம்மாள், சட்சட்டென்று வெடிப்பவர் என்பதால் ‘கடுகு’. ஆங்கிலச் சொல் கலந்தாலும் ஆபத்து. ஆகவே ஊரில் ஒருநாளும் பேசாத சுத்தத் தமிழை நாங்கள் புனேயில்தான் பேசினோம்.

ஒருநாள் தேநீர் மேசையில், கடுகு இரண்டடி தள்ளி நின்று கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போதே, அவள் என்னிடம் சொன்னாள்.

“அக்கா, நான் முழுகாம இருக்கேன்.”

“அடி கண்ணு! இதச் சொல்லறதுக்கு எதுக்கு இப்படி மூஞ்சிய வெச்சுட்டு நிக்கற?”

“யார்ட்டயும் சொல்லிராதீங்க. வேலைய நிரந்தரமாக்குறதுக்கு முன்னால தெரிஞ்சா அனுப்பிருவாங்கல்லா.”

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. அவளுடையது ஒப்பந்த வேலை. மழைக்காலம் முடியும்போது ஒப்பந்தமும் முடியும். நிரந்தரமாகிவிட்டால் பிரசவ விடுப்பு உண்டு, திரும்பி வந்தால் அதே நாற்காலி உண்டு. அதற்கு முன் விஷயம் வெளியே வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிடுவார்கள். யாரும் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவள் கணவர் தளேகாவ் தொழிற்சாலைக்குத் தினமும் ரயிலில் போய் வருகிறவர், அவருக்கும் ஒப்பந்த வேலைதான். “பிரசவத்துக்குன்னு ஊருக்குப் போனா, வேலையும் இல்லன்னா, மாமியா அங்கயே இருத்திருவாங்கக்கா” என்றாள். அந்த நாற்காலி அவளுக்கு வெறும் நாற்காலி இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அவள் தளர்ந்த குர்த்தாக்களுக்கு மாறினாள். மயக்கம் வந்த நாட்களில், நேற்றைய வடாபாவ் ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் ஊருக்கே அறிவித்தேன்.

இதற்கிடையே ஒற்றனுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். அவன் வியாபாரி வேடத்தில் எதிரியின் ஊருக்குள்ளேயே தங்கிவிடுவான். எதிரியின் கண்ணுக்கு அவன் வெறும் வியாபாரி. ஊரில் நடப்பதெல்லாம் நமக்கு வந்துகொண்டே இருக்கும், கடைசிவரை எதிரிக்குத் தெரியாது. யாரும் அவனைச் சாகக் கொடுக்க மாட்டார்கள். பெருமையோடு குழுவின் முன் வைத்தேன்.

கடுகு ஒப்புக்கொள்ளவில்லை. நம்மை ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதே தெரியாதவனால் எப்படி ஆட முடியும், அவனுக்கு ஏதாவது ஓர் அடையாளம் கொடு, ஜாக்கிரதையாக இருக்க ஒரு வாய்ப்புக் கொடு என்றார். இது நியாயமில்லாத காய் என்று இரண்டு முறை சொன்னார். நான் நெல்லைக்காரியின் பக்கம் திரும்பி, “பாத்தியா புள்ள, ஒளிஞ்சு நிக்கறதப் பத்திக் கடுகுக்கு என்ன தெரியும்?” என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடுகு புளியங்கொட்டையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் விடாமல் மழை. எங்கள் பக்கத்துக் கூரை ஒழுகத் தொடங்கியது. ஆளாளுக்குத் தங்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகச் சொன்னார்கள். பெரியவரே நின்று மேற்பார்வை பார்த்தார். அட்டையில் ஆட்டம் பாதியில் இருந்தது. சாய்த்தால் எல்லாம் கலைந்துவிடும். அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பொத்தான்களின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நின்றேன். பக்கத்தில் அவள் குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த யுபிஎஸ் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளே பேட்டரி இருக்கும் இரும்புப் பெட்டி, ஆண்களே முக்கி முனகித் தூக்குவது.

“ஏய், அத்த தூக்காத! வயித்துல புள்ளய வச்சிக்கினு இன்னா பண்ற நீ?”

கத்தியது கடுகு. தமிழில். ஓடிவந்து ஒரு கையால் பெட்டியைத் தள்ளிவிட்டு, மறு கையை அவள் வயிற்றுக்குக் குறுக்கே வைத்தார். தமிழ் தெரியாதவர்களுக்கும் அந்தக் கை என்ன சொல்கிறது என்று புரிந்தது. ஒரு பெண் “அரே வா!” என்று கைதட்டினாள். பெரியவர் புன்னகை செய்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு கடுகைப் படிக்கட்டில் மறித்துக்கொண்டேன். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன, கோபம்தான் முந்திக்கொண்டது. இத்தனை நாள் எங்கள் பேச்சை ஒட்டுக்கேட்டீர்களா என்று இந்தியில் கேட்டேன். அவர் தமிழிலேயே பதில் சொன்னார்.

“நான் இங்கதான், புனே போபோடில பொறந்தவ. எங்க சந்துல பாதிப் பேரு உங்க ஆளுங்கதான். பக்கத்து வூட்டு ஆயாகிட்டதான் வளந்தேன்.”

“மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“மொத நாளே சொல்லலாம்னு வந்தேன். அன்னிக்கே நீ என்னப் பத்திதான் பேசிக்கினு இருந்த. அப்பால எப்டி சொல்றது?” என்றார். ஒரு படி இறங்கித் திரும்பி நின்று, “ரெண்டு மாசமா அவ விசயம் எனக்குத் தெரியும். உங்க பெரியவரு கேக்கும்போதெல்லாம் நல்லா வேல செய்யறா, நிரந்தரம் பண்ணுன்னுதான் சொன்னேன். கேட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கறது எனக்கு மட்டும் சொகமா?” என்றார்.

என் பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அதன்பின் எல்லாம் மிக மரியாதையாக நடந்தது. பெரியவர் பேடா வாங்கிக் கொடுத்தார். உடம்பைப் பார்த்துக்கொள், எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றார். கடுகு அவர் அறைக்குள் போய் வெகுநேரம் சண்டை போட்டார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஒற்றன் பதுங்குவதை மட்டும் அவள் முடித்துக் கொடுத்தாள், நடையை வேறு யாரோ செய்தார்கள். நானும் வேறு வழியின்றி, கடுகு கேட்டபடியே ஒற்றனுக்கு ஓர் அடையாளம் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாளன்று அவள் பையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் இருந்த செடியை எனக்குத் தந்தாள். நான் மனசு ஆறாமல் கடுகைத் திட்டித் தீர்த்தேன், இந்த முறை ஆங்கிலச் சொல் எதையும் தவிர்க்கவில்லை.

“அந்தம்மா அன்னைக்கு வாய மூடிட்டு இருந்திருந்தா, இந்நேரம் உன்ற வேல நிரந்தரமாயிருக்கும் புள்ள.”

“அவங்கள ஏசாதீங்கக்கா” என்றாள். பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “அவங்க கத்தலேன்னா நான் அதத் தூக்கியிருப்பேன்லா. பக்கத்துல நீங்கதான நின்னிய.”

அவள் குரலில் கோபம் இல்லை. என் கையில் அன்று அட்டை இருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விட்டுவிட்டு, அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.