ஷாநவாஸுக்குப் பிடித்த கேம்

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் உணவகம் நடத்தும் என் கணவர் ஷாநவாஸின் வாயில் ‘வேண்டாம்’ என்ற சொல் மட்டும் வரவே வராது. ஞாயிறுதோறும் அவருடைய பள்ளி நண்பர்கள் மூவர் வந்து எங்கள் ஹாலை அடைத்துக்கொண்டு கால்பந்து வீடியோ கேம் ஆடுவார்கள். நல்ல கன்ட்ரோலர்களெல்லாம் அவர்களுக்கு. பொத்தான் சிக்கிக்கொள்கிற பழையது வீட்டுக்காரருக்கு.

போன வாரம் புதுப் பைத்தியம் பிடித்தது. ஒருவருக்கு மிகப் பிடித்த கேம் எதுவென்று மற்றவர்கள் ஊகிக்க வேண்டுமாம். என் கணவரின் முறை வந்ததும் மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“ஃபுட்பால்தான் லா! இதுல என்ன கேள்வி?”

“எனக்கு ஃபுட்பாலே புடிக்காதுடா,” என்றார் அவர். “விவசாயம் பண்ற கேம்தான் புடிக்கும். தனியா, சத்தமில்லாம ஆடலாம்.”

நான் சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தேன்.

“அலமாக்! அப்புறம் ஏன் மச்சான் வாராவாரம் இந்தக் கூத்து?”

“அது இல்லன்னா இவங்க வர மாட்டாங்களே, ஷிரீன்.”

அப்பாடா, இன்றோடு தொல்லை ஒழிந்தது என்று நினைத்தேன். நண்பர்களில் ஒருவரான விஜயேந்திரன் தொண்டையைக் கனைத்தார்.

“சரி பாய், கடைசியா ஒரே ஒரு மேட்ச்.”

அவர் நீட்டியது அதே பழைய கன்ட்ரோலர். என் கணவர் வாங்கிக்கொண்டார்.