வீரமலையின் தியாகி

சின்னையன் பெயரை எடுக்கும்போதெல்லாம் வீரமலை டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய வேலைநிறுத்தம் ஒன்றில் குண்டடிபட்டு இறந்த தொழிலாளிகளின் வாழ்க்கையை வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிவருகிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். யார் வீட்டில் பழைய கல்யாண போட்டோவைப் பார்த்தாலும் பின்வரிசையில் தன் ஆள் யாராவது நிற்கிறாரா என்று துழாவுவார்.

எல்லோரிலும் சின்னையன்தான் அவருக்கு உயிர். தான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போன மனிதரை, “நம்ம சின்னையன் கோவக்காரரு, ஆனா வெள்ளை மனசு” என்று நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சொல்வார். வேறு யாராவது அவரைப் பற்றி வாய் திறந்தால் போதும், “தேதி சொல்லுங்க பாப்போம்” என்று மடக்கிவிடுவார். சின்னையன் வீட்டைவிட்டுக் கிளம்பிய அந்தக் கடைசிக் காலையின் கதை மட்டும் வீரமலைக்குப் பிடிபடவே இல்லை.

அது அனிஷாவுக்குக் கிடைத்துவிட்டது. கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவர். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் சின்னையன் மகள் வள்ளிக்கண்ணுவைப் பேசவைத்து வீடியோ போட்டுவிட்டார். “இருபது வருஷமா அந்த வீட்டுக்கு நான் நடையா நடக்கறேன். இந்தப் பொண்ணு ஒரே நாள் போயி, போனை நீட்டி வாங்கிட்டு வந்துடுச்சு” என்று மனிதர் ஒரு மாதமாகப் பொருமுகிறார். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. ஆற்றமாட்டாமல் வள்ளிக்கண்ணுவிடமே போய் நின்றார்.

“எங்கிட்ட ஏங்கக்கா இத சொல்லல?”

“நீங்க எங்க தம்பி கேட்டீங்க? வந்து உக்காந்தா எங்கப்பா கதைய நீங்கதான எனக்குச் சொல்லுவீங்க” என்றார் எண்பதைத் தொடும் அந்த அம்மாள்.

இப்போது வீரமலை டீக்கடையில் யார் கிடைத்தாலும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுகிறார். வள்ளிக்கண்ணு பேசுகிறார்: “அன்னைக்கு எங்கப்பா சட்டையில பட்டன் அறுந்துபோச்சு. அம்மா தச்சுக்கிட்டு இருக்கறப்பவே, கூட்டத்துக்கு நேரமாச்சுன்னு ஊசியும் நூலுமா கெளம்பிட்டாரு. குண்டு பட்டதப் பத்தி அம்மா பேசவே மாட்டாங்க. ‘அந்த ஊசி குத்தியிருக்குமோடி’ன்னுதான் சாகறவரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.”

அந்த இடம் வரும்போதெல்லாம் வீரமலைக்குக் கண் நிறைந்துவிடுகிறது. இடது கையால் துடைத்துக்கொள்கிறார். வலது கட்டைவிரல் மட்டும், திரையின் ஓரத்தில் அனிஷாவின் பெயர் இருக்கும் இடத்தை மறைத்தபடி, கடைசிவரை நகர்வதில்லை.