பஸ் ஸ்டாப்பில் நின்று ரயிலுக்கு ஆள் எண்ணியது

1. ஆறு மணி

பயணிகள் கணக்கெடுப்பு எடுக்கும் ஒரு தனியார் கம்பெனியில் நான் சூபர்வைசர். மணலிப் பக்கம் சரக்கு வண்டி மட்டும் ஓடும் தண்டவாளத்தில் லோக்கல் ட்ரெயின் விட்டால் ஏற ஆள் இருக்குமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வேலை பத்து மணிக்குத்தான். முதல் நாள் ஆயிற்றே என்று ஆறு மணிக்கே சடையங்குப்பம் போய்விட்டேன்.

தண்டவாளத்தின் ஓரமாக ஜனங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் திருவொற்றியூர் ஸ்டேஷனுக்கு. மேரி என்ற அம்மாள் மட்டும் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்து நின்றார்.

"இன்னா நைனா, எய்திக்கினு கீற?"

"இந்தப் பக்கம் ட்ரெயின் விடலாமான்னு பார்க்கறோம்மா."

"சீக்கிரம் வுடச் சொல்லு. ஏழரைக்கு ராயபுரத்துல ஆஸ்பத்திரி பெருக்கணும். ரோட்ல போனா கண்டெய்னர் லாரி வழிய மறிச்சிக்கினு நிக்கும், ஒரே பேஜாரு. இன்னொரு வாட்டி லேட்டானா வேலைக்கு வராதன்ட்டாங்க."

நிற்க நேரமில்லாமல் ஓட்டமாகப் போய்விட்டார்.

2. பத்து மணி

மேனேஜர் காரில் வந்தார். வீட்டு வாசலிலேயே மெட்ரோ உள்ளவர். அவர் அடித்துக் கொண்டுவந்த ஃபார்மில் ஒரே கட்டம்: 'பஸ் நிறுத்தத்தில் காத்திருப்போர்'. பஸ் எப்போதாவது வரும் ஸ்டாப்பில் எவன் காத்திருப்பான்? வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு பெரியவரும் நாலு ஆடும் இருந்தார்கள். பெரியவரை எழுதிக்கொண்டோம்.

"ஆளே இல்லியேய்யா! இந்த ஊருக்கு எதுக்கு ட்ரெயின்?" என்றார் மேனேஜர், காரின் கண்ணாடியைப் பாதி இறக்கி.

காலையில் பார்த்ததைச் சொன்னேன்.

"ட்ராக்ல நடக்கறது சட்டப்படி குத்தம். குத்தத்தையெல்லாம் டிமாண்டுன்னு எழுத முடியுமா?"

என்ன மூளை! இந்த மூளைக்குத்தான் அந்தக் காரும் டிரைவரும்.

3. கையெழுத்து

ரிப்போர்ட் வழவழ தாளில் வந்தது. அட்டையில் வெளிநாட்டு ரயில் படம், உள்ளே 'போதிய பயணிகள் இல்லை'. எனக்கு ரிடையர் ஆக நாலு மாதம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். மேனேஜரைத் திட்டுகிறேனே, நான் மட்டும் என்ன யோக்கியன்?

போன மாதம் காலடிப்பேட்டையில் மேரியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வேலை போய்விட்டதாம். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்த கூலிக்குப் போகிறார்.

"டயத்துக்கு வந்தா திரும்ப எட்த்துக்குறோம்னு சொல்லிக்கீறாங்க நைனா. ட்ரெயின் எப்ப வுடுவாங்க?"

ஆள் இல்லை என்று எழுதிக் கொடுத்தவனிடமே கேட்கிறார். "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு நழுவினேன். வெட்கமாக இருந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். விடியும்போதே போய், ஜனங்கள் எந்த வழியாக நடக்கிறார்களோ அங்கே நின்று எண்ணுங்கள். ஃபார்மில் கட்டம் இல்லையென்றால் ஸ்கேல் வைத்து நீங்களே ஒன்று போடுங்கள். மேனேஜர் கத்துவார். கத்திவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார். அந்த அம்மாளை ரோட்டில் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் அவரில்லை.